முக்காலே மூணுவீசம்

லாங்ஃபோர்டு பயிற்சி அலுவலகத்தில்
இரண்டாம் கவுன்ட்டர் என்னுடையது.
கண்ணாடிக்கு அடியில்
ஒரு கை நுழையும் இடைவெளி.
அந்த வருஷம் அதன் வழியே
குளிரும் குறிப்பேடுகளும்தான் வந்தன.

நீல அட்டை. குழாய்ப் பணி, நான்காம் ஆண்டு.
கீவா மெக்கெவர்.
இருநூற்றெட்டு வாரம் முடிக்க வேண்டும்,
நூற்றுத் தொண்ணூற்றைந்தில் நின்றுவிட்டது.
கணக்குப் போட்டால் முக்காலே மூணுவீசம்.
பாக்கி
ஒரு வீசம்.

"முதலாளி கையெழுத்து இல்லையே."
"முதலாளியே இல்லை" என்றாள்.
டோனல் ஹெகார்ட்டியின் மூன்று வேன்களையும்
வங்கி ஓட்டிக்கொண்டு போயிருந்தது.
அவர் கைபேசி எண்ணை எடுத்தது
நாய்க்கு முடி வெட்டும் யாரோ ஒருத்தி.
ஊருக்கு வெளியே, இவர்கள் பாதி குழாய் போட்ட
நாற்பத்தொரு வீடுகளில்
மூன்றில்தான் விளக்கு எரிந்தது.

வேறு முதலாளியைப் பார், என்றேன்.
சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.
பட்டியலை நீட்டினாள்: அறுபத்திரண்டு பெயர்.
சில பெயர்களுக்கு எதிரே பென்சிலில்
'இவரும் வேலை தேடுகிறார்.'

'முதலாளி' என்ற கட்டத்தைக்
காலியாக விடக் கணினி ஒப்பவில்லை.
ஒரு முற்றுப்புள்ளி தட்டிப் பார்த்தேன்.
அதையும் ஒப்பவில்லை.
இதுவரைக்கும் முயன்றேன் என்று
எங்கேயும் சொல்லிக்கொள்ளலாம்.

என் சம்பளத்திலும் வெட்டு விழுந்தது.
விழுந்தாலும் வியாழன்தோறும் வந்தது.

ஜனவரியில் ஊரே உறைந்தது.
விடிகாலை நாலு மணிக்கு
சமையலறைச் சுவருக்குள் ஏதோ வெடித்து
தண்ணீர் என் செருப்பைக்
கூடம்வரை மிதத்திக்கொண்டு வந்தது.
எட்டுக் குழாய்க்காரர்களுக்குப் போன் போட்டேன்.
ஐந்து எண் பயன்பாட்டில் இல்லை.
இரண்டு பெர்த் நகரத்தில் ஒலித்தது.
ஒருவர் மட்டும் சொன்னார்: அடுத்த வியாழன்.

அலுவலகக் கோப்பிலிருந்து அவள் எண்ணை எடுத்தது
விதிப்படி தவறு.

தம்பியின் ஹாக்கிப் பையில்
கருவிகளைப் போட்டுக்கொண்டு வந்தாள்.
என்னை அடையாளம் தெரிந்ததாய்க் காட்டிக்கொள்ளவில்லை.
சுவரைத் தட்டிக் கேட்டாள், ஒரே இடத்தில் உடைத்தாள்,
பிளந்த குழாயை வெட்டியெடுத்து
புதுத் துண்டு வைத்து, சுடர் காட்ட,
பற்றாசு பளபளவென்று ஒரு சுற்று ஓடி
தானாக நின்றது.
மூன்று மணி நேரம். ஒரு பேச்சில்லை.

எண்பது யூரோ கொடுத்தேன். எண்ணி வாங்கினாள்.
பிறகு பையிலிருந்து
அதே நீல அட்டை.

"செம்பு, அரை அங்குலம், நான்கு இணைப்பு,
மூன்று மணி நேரம்.
எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்."

"நான் முதலாளி இல்லையே."

"இப்போது காசு கொடுத்தீர்களே."

பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது.
மை இருந்தது.
மூன்று மணி நேரம் என்பது
பதின்மூன்று வாரத்தில் எத்தனை வீசம் என்று
என் மூளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.
தேநீர் குடிக்கிறாயா, என்றேன்.
இடது கையால் பையை மூடினாள்.

மே மாதம் டப்ளினிலிருந்து கடிதம் வந்தது:
ஆறு மாதமாய் அசையாத கோப்புகளை முடித்துவிடவும்.
கணினியில் இரண்டே சொல்தான்.
முடித்தவர். விலகியவர்.
நிறுத்தப்பட்டவர் என்றொரு சொல்
அதில் இல்லை, நான் தேடினேன்.
அன்று மதியத்துக்குள் பதினோரு பேர் விலகினார்கள்.
ஏழாவது அவள்.

கால்கரிக்குப் போய்விட்டாள் என்றார் ஒருவர்.
இல்லை, மல்லிங்கரில் கோழி அடைக்கிறாள் என்றார் இன்னொருவர்.
நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே
சுவரை இன்னும் பூசாமல் விட்டிருக்கிறேன்.
சில இரவுகளில் முட்டிபோட்டு
நான்கு இணைப்பையும் விரலால் தடவுவேன்.
ஒன்றாவது, ஒரு சொட்டாவது கசிந்திருந்தால்
எனக்குக் கொஞ்சம் வசதியாக இருக்கும்.

காய்ந்தே இருக்கிறது.